தொட்டிப் பாலம் தாண்டி வந்தவர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப் பாலம் இன்று எல்லார் கைப்பேசியிலும் படமாக இருக்கிறது. அக்கரையிலிருந்து படிக்க வந்த எங்களுக்கோ அது தினசரி பள்ளிக்கூட வழி.

காமராஜரின் முயற்சியில் உருவாகி 1966-இல் கட்டி முடிந்த பாலம். பட்டணங்கால் வாய்க்கால் பறளியாற்றுப் பள்ளத்துக்கு வந்ததும் இந்தக் குன்றிலிருந்து அந்தக் குன்றுக்கு 28 தூண்கள் மேல் கடக்கிறது. 115 அடி உயரம். மோட்டார் கிடையாது. ஏழடி உயரத் தொட்டிக்குள் தண்ணீர் தன் வாட்டத்திலேயே ஆற்றைத் தாண்டி விளவங்கோடு, கல்குளம் வயல்களுக்குப் போய்விடும். இதைச் செய்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

தொட்டியை ஒட்டிய ஒடுங்கிய நடைபாதைதான் எங்கள் சாலை. ஆடிக் காற்றில் சைக்கிளில் ஏற முடியாது. கைப்பிடிச் சுவர் பக்கம் சாய்த்து உருட்டித்தான் போவோம். கேரியரில் ரப்பர் ஷீட் கட்டிய சைக்கிள் எதிரே வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். அநேகமாக ஷீட் கொண்டுவரும் பாட்டாக்கள்தான் (எங்கள் ஊரில் தாத்தாவைப் பாட்டா என்போம்) நிற்பார்கள். "மணி அடிச்சிரும், நீங்க போங்க மக்களே" என்பார்கள். ஷீட்டின் புகை வாடை சட்டையில் ஒட்டிக்கொண்டு முதல் பாடவேளை வரை கூடவே வரும்.

ஜூனில் பள்ளியும் திறக்கும், கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் சாகுபடிக்கு அணையும் திறக்கும். தொட்டியை மூடிய பலகைகளின் இடைவெளியில் குனிந்து பார்ப்போம். முதலில் சருகும் தேங்காய்த் தொண்டும் உருண்டு வரும், அப்புறம் செம்மண் கலங்கல், அதன் பிறகுதான் தெளிந்த தண்ணீர். தொட்டி நிறைந்து ஓடும்போது காலடியில் ஒரு அதிர்வு தெரியும். படம் எடுப்பவர்கள் எல்லாரும் கீழே பள்ளத்தாக்கைத்தான் பார்க்கிறார்கள். தொட்டிக்குள்ளேயும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த வயல்கள் பல இன்று ரப்பரும் வாழையுமாகிவிட்டன. சில வீட்டு மனைகள். அதில் நம்மைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களின் பணமும் உண்டு. நம் சங்கத்தாரிடம் ஒன்று கேட்கிறேன். ஊரில் வாய்க்கால் ஓரம் வயல் இருந்தால் மண் போட்டு நிரப்ப வேண்டாம். குத்தகைக்காவது விடுங்கள். நெல் வைக்க ஆள் இன்னும் இருக்கிறார்கள்.