ஒரகடத்தில் ஒரு சபை உருவான விதம்

புதிய இடத்தில் ஊழியம் ஆரம்பிக்க நினைக்கிற தம்பிமார் பலர் என் கணவரிடம், "எப்படி ஆரம்பிச்சீங்க பாஸ்டர்?" என்று கேட்பார்கள். கர்த்தர் நடத்தினார் என்று சொல்லி அவர் முடித்துவிடுவார். அது உண்மைதான். ஆனால் அந்த வழியில் வாடகை வீடு, தாலுகா ஆபீஸ், சாதிச் சான்றிதழ், கல்லறை எல்லாம் இருந்தன. கூடவே இருந்தவள் என்பதால் அவற்றை நான் எழுதுகிறேன்.

எங்களுக்குத் தெற்கே தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் பக்கம். சென்னைக்கு அருகே உள்ள ஒரகடத்துக்குப் போனது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்காக. வண்டலூர்–வாலாஜாபாத் சாலை நெடுக கார், டயர், உதிரிபாகக் கம்பெனிகள். ஐடிஐ, டிப்ளமோ முடித்த பையன்கள் ஒரே ரூமில் ஆறேழு பேராகத் தங்கி ஷிப்டு பார்க்கிறார்கள். ஊரில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவர்களுக்கு இங்கே ஆராதனையும் இல்லை, சுகமில்லை என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளும் இல்லை. அதனால் ஞாயிறு சாயங்காலம் நான்கு மணிக்குக் கூட ஆரம்பித்தோம். காலை ஷிப்டு முடித்தவனும் நைட் ஷிப்டு முடித்துத் தூங்கி எழுந்தவனும் சேரக்கூடிய நேரம் அதுதான். அவர்களிடம் முதலில் சொன்னது, "ஊர்ச் சபையில் சங்கம் கட்டுறதை நிறுத்திடாதீங்க" என்பது. சங்கம் என்பது அங்கத்தினர் சபைக்குக் கட்டும் சந்தா. இன்னொரு சபையின் ஆட்களைப் பிரித்து நம் சபையை நிரப்பிக்கொள்வது ஊழியமே இல்லை என்பதில் நாங்கள் இருவரும் உறுதியாக இருந்தோம்.

வாடகை வீடு பெரும் சோதனை. ஒருவர் அட்வான்ஸ் வாங்கிவிட்டு, பாட்டுச் சத்தம் கேட்டதும் திருப்பிக் கொடுத்தார். அடுத்த தெருவில் மனு எழுதிப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தார்கள். மைக்கை நிறுத்தினோம், டோலக்கை உள்ளே வைத்தோம், தம்புரு மட்டும் இருந்தது. சொந்த இடம் வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வழிபாட்டுக் கட்டடம் கட்டக் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். விஏஓ, தாசில்தார், போலீஸ் என்று அறிக்கைகள் போய்ச் சேர வேண்டும். அக்கம்பக்கத்தார் எதிர்த்தால் ஃபைல் அப்படியே நிற்கும். நிலம் வாங்கக் காணிக்கை சேர்க்கும் முன்பே இதை விசுவாசிகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

வெளியே இருந்து வந்த எதிர்ப்பைவிட உள்ளே இருந்த ஒன்றுதான் எங்களை அதிகம் அழ வைத்தது. பக்கத்துத் தலித் காலனியில் ஒரு அக்கா சுகத்துக்காக ஜெபிக்கக் கூப்பிட்டார். போகப் போக அவர் வீட்டுத் திண்ணையில் புதன்கிழமைக் கூட்டம் நடந்தது. தெற்கிலிருந்து வந்த சில குடும்பங்கள் அங்கே வரவில்லை. "எங்களுக்குத் தனியா ஒரு கூட்டம் வெச்சிடுங்க பாஸ்டர்" என்றார்கள். பல தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள், வேதம் நன்றாகத் தெரிந்தவர்கள். என் கணவர் தனிக் கூட்டம் வைக்க மறுத்தார். இரண்டு குடும்பங்கள் நின்றுவிட்டன. அந்த மாத வாடகைக்கு என் வளையல் அடகுக்குப் போனது. ஆனாலும் அந்த முடிவு சரி என்றே இன்றும் சொல்வேன்.

அந்த வருஷம் அசனம் வைத்தோம். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். காலனி அக்காமார் அந்தச் சொல்லையே கேட்டதில்லை. எங்கள் பக்கத்துத் தேரிக்காட்டுப் பையன்கள் அடுப்பு மூட்ட, அக்காமார் மசாலா அரைக்க, சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஒரே பந்தியில் பரிமாறினோம். நின்றுபோன குடும்பங்களில் ஒன்று பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை, இலை போட்டோம். ஊழியத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் எது என்று கேட்டால் அந்தப் பந்தியைத்தான் சொல்வேன்.

அப்புறம் அதே அக்கா ஞானஸ்நானம் கேட்டார். 1950ஆம் வருஷக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. சீக்கியருக்கு 1956லும் பௌத்தருக்கு 1990லும் வழி திறந்தது, நமக்கு இல்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாற வேண்டும். அக்காவின் மகன் அப்போது பிளஸ் டூ. ஹாஸ்டல், ஸ்காலர்ஷிப், நாளைய வேலை எல்லாம் அந்தச் சான்றிதழைப் பொறுத்தவை. இதைச் சொல்லாமல் தண்ணீரில் இறக்குவது அவர்களை ஏமாற்றுவது. என் கணவர் அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். ஒரு வருஷத்துக்கு மேல் யோசித்தார்கள். பிறகு அக்கா எடுத்துக்கொண்டார், மகன் எடுக்கவில்லை. அவனும் கூட்டத்துக்கு வருகிறான். அவனை அவசரப்படுத்த யாரையும் நாங்கள் விடுவதில்லை. சட்டம் ஒரு வீட்டுக்குள் இப்படிக் கோடு போடுவது எனக்கு ஆறவே இல்லை.

கல்யாணம் இன்னொரு சிக்கல். 1872ஆம் வருஷ இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, எங்களைப் போன்ற சுயாதீன சபைப் போதகர் திருமணம் நடத்த அரசு லைசென்ஸ் வேண்டும். என் கணவரிடம் அது இல்லாததால், லைசென்ஸ் உள்ள ஒரு போதகரை அழைத்து நடத்திக்கொண்டோம்.

சாவுதான் எங்களை உலுக்கியது. அக்காவின் அப்பா கடைசி நாட்களில் விசுவாசத்துக்கு வந்தவர், மாரடைப்பில் போய்விட்டார். பக்கத்தில் உள்ள பழைய சபையின் கல்லறைத் தோட்டம் அவர்கள் அங்கத்தினருக்கு மட்டும். ஊர்ச் சுடுகாட்டில் பறை அடிக்காமல், சடங்கு செய்யாமல் புதைக்கக் கூடாது என்று சொந்தக்காரர்களே மறித்தார்கள். பொழுது சாயும்வரை பேச்சு நடந்தது. எங்கள் பக்கம் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் 1799இல் உருவானதும், மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830இல் தர்ம சங்கம் வைத்து நிலம் வாங்கியதும், விசுவாசத்தால் இருக்க இடம் இழந்தவர்களுக்காகத்தான் என்று சின்ன வயதில் படித்தது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. கடைசியில் பெரியவரின் தம்பி ஒத்துக்கொண்டார்: பறை அவர்கள் அடிப்பார்கள், ஜெபம் நாங்கள் செய்வோம். பர்மிஷன் போட்டு வந்த பையன்கள் குழி வெட்டினார்கள். அதற்கு முன் ஒரு தரம்கூடக் காலனிக்குள் வராத ஒருவர் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். கூட்டமாக இருந்த நாங்கள் சபையானது அன்றைக்குத்தான் என்பது என் எண்ணம்.

இன்னும் ஆறாத துக்கம் ஒன்று உண்டு. பையன்களில் பாதிப்பேர் கான்ட்ராக்ட். வளர்த்துப் பாட்டுக்குழுவில் நிறுத்தினால், ஒப்பந்தம் முடிந்து ஊருக்கோ ஓசூருக்கோ போய்விடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் பிரியாவிடை ஜெபம். காலனிக் குடும்பங்கள்தான் நிலைத்து நிற்கிறார்கள். அதனால் இப்போது பாட்டு, ஞாயிறு பள்ளி, காணிக்கைக் கணக்கு மூன்றும் அவர்கள் பொறுப்பில் இருக்கின்றன.

வாலாஜாபாத் பக்கம் குடி மாறிய இரண்டு குடும்பங்கள் அங்கே ஒரு ஜெபக்கூட்டம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வீடு பார்க்கும் முன் அங்கே அடக்கம் செய்ய என்ன வழி என்று விசாரித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறோம்.