கடைமடைத் தரவும் நார்மாலிட்டி டெஸ்டும்

தஞ்சாவூரில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு டேட்டா அனாலிசிஸ் செய்து கொடுப்பதுதான் என் வேலை. வேளாண்மை, பொருளாதாரம், எம்பிஏ, சமூகப்பணி என்று எல்லாத் துறையிலிருந்தும் வருவார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது இதுதான்: "சார், மல்டிவேரியேட் நார்மாலிட்டி செக் பண்ணணும்னு கைடு சொல்லிட்டார். எப்படியாவது நார்மல்னு வர வெச்சுக் குடுங்க."

பல மாறிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது தரவு மணி வடிவப் பரவலில், அதாவது நார்மலாக, இருக்கிறதா என்ற சோதனை அது. வர வைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை என்று நான் சொல்வதுண்டு. சொன்னால் முகம் வாடிவிடும். ஆனால் டெல்டா வயல்களிலிருந்து வரும் தரவு நார்மல் இல்லை என்று சொன்னால், அதற்குள் அந்த வயலைப் பற்றிய ஏதோ ஒரு சேதி இருக்கிறது என்றுதான் இத்தனை வருஷமும் பார்த்து வருகிறேன். அந்தச் சேதியைப் படிக்காமல் லாக் எடுத்து, ஸ்கொயர் ரூட் எடுத்து, நாலு வரிசையை நீக்கி, பி வேல்யூவை (0.05-க்குக் கீழே போனால் நார்மல் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்) 0.05-க்கு மேலே தள்ளிவிட்டால் ஆராய்ச்சிக்கே அர்த்தம் போய்விடுகிறது.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். பாசனத் தண்ணீர் முதலில் கிடைக்கும் தலைமடை விவசாயிகளையும் கடைசியில் கிடைக்கும் கடைமடை விவசாயிகளையும் ஒப்பிடும் ஆய்வு. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் கொஞ்சம், வேதாரண்யம் பக்கம் கொஞ்சம் என்று வீடு வீடாகப் போய் எழுதியிருந்தார். ஐந்து மாறிகள்: ஏக்கருக்கு எத்தனை மூட்டை, கல்லணை திறந்து எத்தனையாவது நாள் வயலுக்குத் தண்ணீர் வந்தது, இன்ஜினுக்கு டீசல் செலவு, உரச் செலவு, ஆள்கூலி. இரண்டு குழுவையும் வைத்து மனோவா (பல மாறிகளின் சராசரிகளைக் குழுக்களுக்கிடையே ஒரே தடவையில் ஒப்பிடும் முறை) போட வேண்டும். ஆர் (R) மென்பொருளில் நார்மாலிட்டி சோதிக்கும் எம்விஎன் பேக்கேஜ் போட்டு ஓட்டியிருக்கிறார். மார்டியா ஸ்க்யூனஸ் (சாய்வு) நோ, குர்டோசிஸ் (வால் கனம்) நோ, ஹென்ஸ்-ஸிர்க்லர் என்ற இன்னொரு டெஸ்டும் நோ. ஐந்துக்கும் ஒன்று கூட்டி லாக் எடுத்துப் பார்த்தும் அதே நோ. அந்த எஸ், நோ என்று வரும் கடைசிக் கட்டம் மாணவர்களுக்கு நல்லது செய்ததைவிடக் கெடுதல் செய்ததே அதிகம் என்பது என் அபிப்பிராயம், அதைப் பார்த்த பிறகு யாரும் மேலே இருக்கிற எண்ணைப் படிப்பதில்லை.

லாக் எல்லாவற்றையும் எடுத்துப் போடச் சொல்லிவிட்டு, மூலத் தரவில் ஒவ்வொரு வரிசைக்கும் மஹலனோபிஸ் தூரம் (எல்லா மாறிகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வரிசை சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்ற அளவு) கணக்கிட்டு, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கச் சொன்னேன். ஐந்து மாறிகள் என்றால் அந்தத் தூரத்தின் வர்க்கம் 20.5-ஐத் தாண்டுவது நார்மல் தரவில் ஆயிரத்தில் ஒன்றுக்குத்தான் நடக்கும். இங்கே மேலேயே ஒரு கொத்து வரிசைகள் தாண்டி நின்றன. எல்லாவற்றிலும் விளைச்சல் 9, 10, 11 மூட்டை. அந்தத் தம்பி சொன்னார், "சார், பத்து மூட்டை கடைமடையில சாதாரணமா வருமே, பயிர் காஞ்சுபோன எடத்துல எல்லாம் அவ்வளவுதான்." உண்மைதான். விளைச்சல் நெடுவரிசையை மட்டும் தனியாகப் பார்த்தால் எந்த டெஸ்டும் அவற்றைப் பிடித்திருக்காது. ஆனால் அதே வரிசையில் மற்றதையும் படித்துப் பாருங்கள்: தண்ணீர் சீக்கிரமே வந்திருக்கிறது, டீசல் செலவு பூஜ்யம், உரம் முழுசாகப் போட்டிருக்கிறார்கள், அறுப்புவரை ஆள்கூலி கொடுத்திருக்கிறார்கள், விளைச்சல் மட்டும் பத்து மூட்டை. தலைமடையில் இப்படி ஒரு வயல் இருக்க முடியாது. ஒவ்வொரு எண்ணும் தனித்தனியே நியாயமாக இருக்க, ஐந்தும் சேர்ந்தால் பொய்யாகிவிடுகிறது. பன்மாறி டெஸ்ட் என்று தனியாக ஒன்று எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த வரிசைகளைத்தான்.

அந்த விவசாயிகளில் ஒருவருக்கு அங்கேயே போன் போடச் சொன்னேன். "அண்ணே, பத்து மூட்டைன்னு சொன்னீங்களே, ஏக்கருக்கா?" என்று கேட்டார். அந்தப் பக்கத்துப் பதில் எனக்கே கேட்டது: "ஏக்கருக்குப் பத்து மூட்டை கண்டா எதுக்குத் தம்பி வயல்ல எறங்குறேன்? மாவுக்குப் பத்து!"

டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. செலவை ஏக்கர் கணக்கில் சொல்கிறவர்களே விளைச்சல் என்று வந்தால் மா கணக்கில்தான் பேசுவார்கள். மூட்டையும் ஒரே மூட்டை இல்லை. வீட்டுக் கணக்கில் 60 கிலோ, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். கேட்டவர் எதையும் பிரித்துக் குறிக்கவில்லை என்றால் ஒரே நெடுவரிசையில் நாலு விதமான எண்கள் உட்கார்ந்திருக்கும். அதற்கு லாக் எடுத்தால் என்ன ஆகும்? தப்பு கொஞ்சம் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான்.

அலகுகளைச் சரிசெய்து மறுபடி ஓட்டினோம். அப்போதும் நார்மல் இல்லை. இந்த முறை குர்டோசிஸ் எதிர்ப்பக்கம், அதாவது இருக்க வேண்டியதற்குக் கீழே, போயிருந்தது. ஐந்து மாறிகளுக்கு மார்டியா குர்டோசிஸ் 35 அளவில் இருக்க வேண்டும், மாறிகளின் எண்ணிக்கையை அதோடு இரண்டு கூட்டிப் பெருக்கினால் வரும் எண் அது. (ஸ்க்யூனஸ் டெஸ்டின் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடமும் ஐந்து மாறிக்கு 35 என்றே வரும். அது தற்செயல், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 35-ஐ விட நன்றாக மேலே போனால் எங்கோ ஒதுங்கி நிற்கும் வரிசைகளைத் தேட வேண்டும். கீழே இறங்கினால், ஏறத்தாழ சம அளவில் இரண்டு கூட்டம் ஒன்றாகக் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே கலந்திருந்தது தலைமடையும் கடைமடையும்தான். வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து போகும் தண்ணீர், திருக்காட்டுப்பள்ளிக்கும் வேதாரண்யத்துக்கும் ஒரே நாளில் போய்ச் சேராது. நாள் கணக்கில் இரண்டு மேடு விழுவது இயல்புதானே? அந்த வித்தியாசத்தை அளக்கத்தானே ஆய்வே!

இங்கேதான் பலருக்கும் இடறுகிறது. மனோவா கேட்பது மொத்தத் தரவும் நார்மலாக இருக்க வேண்டும் என்பதை அல்ல, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பதை. அதாவது குழு சராசரியைக் கழித்த பிறகு மிஞ்சும் ரெசிஜுவலைத்தான் சோதிக்க வேண்டும். இரண்டு குழுவுக்கும் நிஜமாகவே வித்தியாசம் பெரிதாக இருந்தால், மொத்தத்தைப் போட்டுச் சோதிப்பவருக்கு நார்மல் இல்லை என்றுதான் வரும், எவ்வளவு நல்ல தரவாக இருந்தாலும்.

ரெசிஜுவலை எடுத்துப் போட்டதும் பெரும்பாலும் அடங்கிவிட்டது, டீசல் மட்டும் அடங்கவில்லை. வாய்க்கால் தண்ணீர் பாய்கிறவர்களுக்கு அது பூஜ்யம், பூஜ்யத்துக்கு லாக் கிடையாது, ஒன்று கூட்டி எடுத்தாலும் பூஜ்யங்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் குவிந்து நிற்கும். அதை மனோவாவிலிருந்து வெளியே எடுத்து, டீசல் செலவு செய்தாரா இல்லையா என்று ஒரு கேள்வி, செய்தவர்களுக்குள் எவ்வளவு என்று இன்னொரு கேள்வி, இப்படி இரண்டாகப் பிரித்து எழுதினோம். அந்த அத்தியாயம்தான் அவர் தீசிஸிலேயே எனக்குப் பிடித்தது.

மாதிரி அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், மாணவர்களுக்கு அதிக வேதனை தருவது அதுதான். ஐந்து மாறிகள், குர்டோசிஸ் 37.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 பேர் தரவில் அதன் திட்டப்பிழை சுமார் 2.37, ஆக இசட் மதிப்பு (35-இலிருந்து விலகலைத் திட்டப்பிழையால் வகுத்தால் வருவது) 1.06, நிம்மதியாகப் பாஸ். அதே 37.5 உங்களுக்கு 500 பேர் தரவில் வந்தால் திட்டப்பிழை 0.75, இசட் 3.3-ஐத் தாண்டிவிடும், நோ. விலகல் ஒன்றுதான், முடிவு மட்டும் தலைகீழ். மழையிலும் வெயிலிலும் அலைந்து அதிகப் பேரைப் பார்த்தவர் கவலைப்படுகிறார், குறைவாகப் பார்த்தவர் சந்தோஷமாகப் போகிறார். இதனால்தான் கை-ஸ்கொயர் க்யூ-க்யூ படத்தை (வரிசைகளின் தூரங்களை நார்மல் தரவில் எதிர்பார்ப்பதோடு ஒப்பிடும் படம்) முதலில் பார்க்காமல் எந்த டெஸ்டையும் நான் ஓட்டுவதில்லை. தவிர, குழுக்கள் சம அளவில் இருந்து, ஒதுங்கிய வரிசைகளும் இல்லை என்றால், கொஞ்சம் சாய்வு இருந்தாலும் மனோவா தாங்கும். குழுக்களின் சிதறல் ஒரே மாதிரியா என்று பார்க்கும் பாக்ஸ் எம் டெஸ்டுக்குத்தான் அந்தத் தாங்கும் சக்தி கிடையாது, நார்மல் இல்லாத தரவில் அது சொல்வதை நம்பி எதையும் தூக்கிப்போட வேண்டாம். சந்தேகம் இருந்தால் மனோவா தரும் விடைகளில் பில்லை ட்ரேஸைப் பாருங்கள்.

எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் மட்டும் வைத்திருப்பவர்கள் மெனுவில் மார்டியாவைத் தேடி அலைய வேண்டாம். வரிசை எண்ணை டிபெண்டன்ட்டாக வைத்து லீனியர் ரிக்ரஷன் போட்டு, சேவ் பகுதியில் மஹலனோபிஸை டிக் செய்தால் தூரத்தின் வர்க்கம் தனி நெடுவரிசையாக வந்துவிடும். ஏமாஸ் (AMOS) மென்பொருள் காட்டும் குர்டோசிஸ், அந்த எதிர்பார்ப்பு எண்ணைக் கழித்த பிறகு மிஞ்சுவது, அதனால் அதை 35-உடன் ஒப்பிடக் கூடாது.

மஹலனோபிஸ் தன் தூரத்தை 1936-இல் எழுதினார், கல்கத்தாவில் மனித உடல் அளவுகளை ஒப்பிடப் போய்ப் பிறந்த யோசனை அது. ராஜஸ்தான் சிரோஹியில் பிறந்த மார்டியா தன் அளவைகளை வெளியிட்டது 1970-இல். மஹலனோபிஸ் வங்காளத்தில் சணல் பயிரை மாதிரிக் கணக்கெடுப்பு செய்தவரும்கூட. அவர் கணக்கு நம் ஊர் நெல்லுக்கு வந்து உதவுவதை நினைத்தால் எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருக்கிறது.

இப்போது யார் டெல்டாவில் களப்பணிக்குக் கிளம்பினாலும், அச்சடிப்பதற்கு முன் கேள்வித்தாளை என்னிடம் காட்டச் சொல்கிறேன். மகசூல் கேள்விக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் சேர்க்கச் சொல்வேன்: மாவா ஏக்கரா, மூட்டை எத்தனை கிலோ. மன்னார்குடித் தம்பி தன் ஜூனியர்களுக்கும் அதையே கொடுத்து அனுப்புகிறார்.