அனிலின்: மாஸ்க் மட்டும் போதாது

மும்பையை ஒட்டிய தலோஜா, அம்பர்நாத், டோம்பிவிலி பக்கம் சாயம், ரப்பர் கெமிக்கல், மருந்து மூலப்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு அனிலின் என்ற நச்சு ரசாயனம் தெரிந்த சரக்குதான். வாடைக்குப் பயந்து மாஸ்க்கை இறுக்கிக் கட்டும் நம் ஆட்கள், கையில் கிடைத்த கிளவுஸைப் போட்டுக்கொண்டு டிரம் மூடியைத் திறந்துவிடுகிறார்கள். மூச்சு வழியாகவும் அனிலின் போகும், ஆனால் தோல் வழியாக அது சத்தமில்லாமல் போகும். பட்ட இடம் பெரிதாக எரியாததால் யாரும் உடனே கழுவுவதில்லை.

புதிதாக வடித்த அனிலின் நிறமில்லாத எண்ணெய் போல இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பாகும். கொதிநிலை 184 டிகிரி, தீப்பற்று நிலை சுமார் 70. நைட்ரிக் அமிலம், பெராக்சைடு பக்கத்தில் வைக்கக் கூடாது. பித்தளை வால்வும் வேண்டாம், செம்புக் கலவைகளை அரிக்கும்.

கிளவுஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பியூட்டைல் ரப்பர்தான் சரி. லேப்பில் போடும் மெல்லிய நைட்ரைல் கிளவுஸ் துளி பட்டால் உடனே கழற்றி எறிய மட்டுமே உதவும். டிரம் மாற்றும் வேலைக்கு ஆகாது. மும்பையின் மே மாதப் புழுக்கத்தில் ஆபத்து இன்னும் கூடும், சூடும் வியர்வையும் தோல் உறிஞ்சுவதை அதிகமாக்கும். நனைந்த சட்டையோடு ஷிஃப்டை முடிப்பது மணிக்கணக்கில் மருந்துப் பட்டி ஒட்டிக்கொண்டு நிற்பதற்குச் சமம். தோல் ஷூவில் ஊறினால் கழுவி மீட்க முடியாது, கழிவில் போட வேண்டியதுதான்.

மேலே கொட்டினால் முதலில் துணியைக் கழற்ற வேண்டும், பிறகு சோப்பும் நிறையத் தண்ணீரும், குறைந்தது 15 நிமிடம். வெந்நீர் கூடாது. நகத்தடி, காதுமடல், தலைமுடி, விரலிடுக்கு எல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும். அங்கே தங்குவது பிறகும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

ரத்தத்தில் அனிலின் ஹீமோகுளோபினை மெத்தீமோகுளோபினாக மாற்றிவிடும். அது ஆக்சிஜனைச் சுமக்காது. அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வரலாம், அதனால் வீட்டுக்குப் போன பிறகு உதடும் நகமும் நீலமாவது உண்டு. தலைவலி, கிறுகிறுப்பு, மூச்சு வாங்குதல் தொடரும். அன்று சாராயம் தொடவே கூடாது, பாதிப்பைக் கூட்டும். வடிதாளில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பாருங்கள்: சாதாரண ரத்தம் காற்றில் சிவக்கும், மெத்தீமோகுளோபின் ஏறிய ரத்தம் சாக்லேட் பழுப்பாகவே நிற்கும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பி ஆளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மெத்தீமோகுளோபின் ஏற ஏற அந்தக் கருவி 85 சதவீதம் பக்கம் நின்றுவிடும், உண்மை நிலை அதைவிட மோசமாக இருக்கலாம். ஆக்சிஜன் கொடுத்தபடியே கொண்டுபோங்கள். சரக்கின் பாதுகாப்புத் தாளைக் கையில் கொடுத்து, “அனிலின் பட்டிருக்கு, மெத்தீமோகுளோபின் பாருங்க டாக்டர்” என்று வாயாலும் சொல்லுங்கள். மருந்து மெத்திலீன் நீலம், நரம்பு வழியாகக் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம். ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவருக்கு அது ரத்த அணுவையே உடைக்கும், அதனால் வேலையில் சேரும்போதே அந்தப் பரிசோதனை செய்து, ரிப்போர்ட்டை முதலுதவி அறையில் வைக்க வேண்டும். பக்கத்து மருத்துவமனையில் மெத்திலீன் நீலம் ஸ்டாக் இருக்கிறதா என்பதை டிரம் வந்து இறங்குவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.