கடலோர ஃபிளாட்டில் கட்டிய கேமிங் கணினி: கொப்பித் தாளில் தொடங்கி லினக்ஸ் வரை

பழைய கணினியைத் திறந்து பார்த்த அன்றுதான் புதிது கட்டுவது என்று முடிவெடுத்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் கடலோர வீதியான மரைன் டிரைவிலிருந்து ஒரு ஒழுங்கை தள்ளி இருக்கிறது. ரயில் சத்தமும் வரும், உப்புக் காற்றும் வரும். எட்டு வருடம் யன்னலோரம் இருந்த பெட்டியின் பின்பக்கத் திருகாணிகள் நாலும் துருவேறிப்போய், ஒன்றின் தலை கழன்று கையோடு வந்தது. உள்ளே இருந்தது ஏழாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிய இருந்தது, விண்டோஸ் 11 அந்த ப்ராசஸரை ஏற்காது. அப்போது ஜூலை மாதம். கையில் இரண்டரை இலட்சம் ரூபாய் இருந்தது. மொனிட்டர், கீபோர்ட், மவுஸ் பழையதே போதும் என்று வைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரமும் கிராபிக்ஸ் கார்டிலேயே போய்விட்டது. 100ஆம் நம்பர் பஸ்ஸில் பம்பலப்பிட்டி இறங்கி, யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி விலைப்பட்டியல் வாங்கி வருவேன். வீட்டில் அதை விரித்து வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பேன். இன்னும் பத்தாயிரம் போட்டால் அடுத்தது, அதற்கு மேல் பதினைந்து போட்டால் அதற்கடுத்தது என்று தொகை ஏறிக்கொண்டே போகும். கடைசியில் ஒரு கடைக்கார அண்ணைதான் கேட்டார்: “தம்பி, என்ன கேம் விளையாடப் போறீங்கள்? அதைச் சொல்லாம கார்ட் விலையை மட்டும் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?”

அன்று இரவு தம்பியும் நானும் ஒரு கொப்பித் தாளில் எழுதினோம். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2, எல்டன் ரிங், ஜிடிஏ 5. இவை எனக்கு. தம்பிக்கு வலோரன்ட். அந்தத் தாளைப் பார்த்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது. கேம் எதுவென்று தெரிந்தால் எந்த இயங்குதளம் என்று தெரியும், இயங்குதளம் தெரிந்தால் எந்தக் கார்ட் என்று தெரியும், கார்ட் தெரிந்தால் பவர் சப்ளையும் கேசிங்கும் தாமாக வந்துவிடும். நான் இதை முழுக்கத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் எனக்குப் பிடிக்கும். வேலையும் அதில்தான். ஆனால் கேம் விஷயத்தில் பல வருடம் நம்பிக்கை இருக்கவில்லை. 2018இல் ஸ்டீம் என்ற கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் புரோட்டான் என்ற மென்பொருளைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. விண்டோஸுக்கு எழுதிய கேம், படம் வரைய டைரக்ட்எக்ஸ் என்ற விண்டோஸ் மொழியில் கேட்பதை, லினக்ஸுக்குத் தெரிந்த வல்கன் மொழிக்கு ஓடும்போதே மாற்றிக் கொடுக்கிறது அது. ஸ்டீமில் ஒரு அமைப்பை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். எங்கள் தாளில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கும் டோட்டாவும் லினக்ஸிலேயே நேரடியாக ஓடுபவை. எல்டன் ரிங் புரோட்டானில் ஓடும். ஜிடிஏ 5இன் கதைப் பகுதி ஓடும், ஆனால் 2024 செப்டெம்பரில் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் சேர்த்த பிறகு அதன் ஒன்லைன் பகுதி லினக்ஸில் இல்லை. நான் ஒன்லைன் போவதில்லை என்பதால் எனக்கு அது நட்டமில்லை.

வலோரன்ட்தான் ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வான்கார்ட், விண்டோஸின் மையப் பகுதியான கேர்னலுக்குள் உட்கார்ந்து காவல் பார்ப்பது. புரோட்டான் மொழிபெயர்த்துக் கொடுக்கக்கூடிய சங்கதி அல்ல அது. தம்பியிடம் சொன்னபோது அவன் முகம் வாடிவிட்டது. “அண்ணா, வலோரன்ட் ஓடாட்டி எனக்கு இது என்னத்துக்கு?” நியாயமான கேள்வி. காசில் ஒரு பங்கு அவனுடையதும்தான். அதனால் இரண்டு இயங்குதளம், இரண்டு தனித்தனி டிஸ்க் என்று தீர்மானித்தோம். புதிதாக வாங்கும் 1 டிபி என்விஎம்இ டிஸ்க்கில் லினக்ஸ், பழைய கணினியில் இருந்து கழற்றும் 500 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11.

லினக்ஸ் என்று ஆனதும் கார்ட் ஏஎம்டி என்று ஆகிவிட்டது. ஏஎம்டிக்கான டிரைவர் கேர்னலோடே வருகிறது, தனியாக எதுவும் போடத் தேவையில்லை. என்விடியாவும் லினக்ஸில் ஓடும், ஆனால் அதன் டிரைவரைத் தனியாகப் போட்டு, கேர்னல் மாறும்போதெல்லாம் கண்காணித்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. எடுத்தது ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி நினைவகம், 132 வாட். 1080பி மொனிட்டருக்கு இது தாராளம். ப்ராசஸர் ரைசன் 5 5600: 6 கோர், 12 த்ரெட், 65 வாட், கூலர் பெட்டிக்குள்ளேயே வரும். ஏஎம்டியின் புதிய ப்ராசஸர் சொக்கெட்டான ஏஎம்5க்குப் போனால் நாளைக்கு மேம்படுத்தலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு டிடிஆர்5 ராம் வேண்டும், போர்டும் விலை கூட, இரண்டும் சேர்ந்தால் கார்டுக்கு வைத்த காசைத் தின்றுவிடும். பி550 போர்ட், இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 3200 என்று முடித்துக்கொண்டேன்.

குறைந்த வாட் கார்டைத் தேடியதற்கு எங்கள் அறையும் ஒரு காரணம். ஏசி இல்லை, ஏப்ரலில் உள்ளே 32 டிகிரிக்குக் குறையாது. கணினி இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வந்து சேரும். கேம் ஓடும்போது மொத்தம் 250 வாட் என்று வைத்தால் நாலு மணித்தியாலத்துக்கு ஒரு யுனிட். தினமும் விளையாடினால் மாதம் 30 யுனிட். நம்முடைய மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது, 30 யுனிட் கூடினால் அடுத்த படிக்குப் போய்விடக்கூடும். அம்மாவிடம் பில்லைக் காட்டி இந்தக் கணக்கைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன்.

கேசிங்குக்கு முன்பக்கம் வலையும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் கேட்டு வாங்கினேன். கண்ணாடி, வண்ண விளக்கு எதையும் நான் பார்க்கவில்லை. பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை அங்கேயே நின்று வாசித்தேன். எரிந்த அடையாளம், உடைவு, துரு இருந்தால் உத்தரவாதம் இல்லை. அவர்கள் கணக்கில் உத்தரவாதம் ஒரு வருடம் என்றால் 350 நாள். துரு பிடித்தால் என் பொறுப்பு என்று அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அந்த வரியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். மேசையை யன்னலில் இருந்து உள்சுவருக்கு மாற்றியது அதனால்தான்.

பூட்டிய நாள் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை. காலை ஒன்பதுக்குத் தொடங்கினோம். ராமை ப்ராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது இடத்தில் போட்டேன். அப்படிப் போட்டால்தான் இரட்டைச் சானலில் ஓடும். எல்லாம் பூட்டி சுவிட்சை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. அரை மணித்தியாலம் ராமைக் கழற்றிக் கழற்றிப் போட்டேன். பிறகு தம்பிதான் பின்னால் குனிந்து பார்த்து, “அண்ணா, வயர் போர்டிலையெல்லோ குத்தியிருக்கு” என்றான். 5600இன் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, எச்டிஎம்ஐ வயரை கார்டில்தான் குத்த வேண்டும். குத்தியதும் போர்டின் அமைப்புத் திரையான பயாஸ் வந்தது. அதில் ராம் 2666 என்று காட்டியது. ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டதும் 3200. இதைப் போடாமலே பல மாதம் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கிய வேகம் சும்மா கிடக்கும்.

அடுத்தது கொஞ்சம் பயமாக இருந்தது. கேசிங்கின் ஓரத்தில் புறங்கையால் தொட்டபோது சுள்ளென்று ஒரு கூச்சம். திரும்பத் தொட்டேன், திரும்பவும் அதே. பவர் சப்ளையோடு வந்த வயரைப் பார்த்தேன். இரண்டு உருண்டை முள் வைத்த ஐரோப்பிய ப்ளக். அதில் எர்த் இணைப்பு பக்கவாட்டுத் தகட்டில் இருக்கிறது. எங்கள் சுவரில் இருப்பது சதுர மூன்று முள் சொக்கெட். இடையில் ஒரு அடாப்டர் வைத்துக் குத்தியதில் எர்த் எங்கேயும் தொடவே இல்லை. பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கப்பாசிட்டர்கள் பெட்டியின் உலோகத்தோடு இணைந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் அந்தக் கசிவுக்குப் போக வழியில்லை, தொடுகிற கைதான் வழி. உடனே நிறுத்தி, காலி வீதியில் ஒரு மின்சாமான் கடையில் ஃபியூஸ் வைத்த மூன்று முள் வயர் வாங்கி வந்து மாட்டினேன். கூச்சம் நின்றுவிட்டது. இவ்வளவு விலைக்குச் சாமான் வாங்கி அந்த அடாப்டரோடு வருடக்கணக்காக ஓட்டும் வீடுகள் கொழும்பில் நிறைய இருக்கும். புறங்கையால் ஒருக்கால் தொட்டுப் பாருங்கள். சுள்ளென்றால் நிறுத்திவிட்டு, முதலில் வயரை மாற்றுங்கள்.

பவர் சப்ளை 550 வாட், மின்சாரத்தை வீணாக்காததற்கான தரம் 80 பிளஸ் ப்ரோன்ஸ். யூபிஎஸ் 650 விஏ. அது தாங்குவது 360 வாட் என்று பின்னால் எழுதியிருக்கிறது, விஏயும் வாட்டும் ஒன்றல்ல. வாட் மீட்டர் வைத்துப் பார்த்தேன். எல்டன் ரிங் ஓடும்போது மொனிட்டரோடு சேர்த்து 240ஐத் தாண்டவில்லை. கரண்ட் போனால் சேமித்துவிட்டு நிறுத்த அவகாசம் கிடைக்கும், அவ்வளவு போதும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு யூபிஎஸ் ஏன் என்று சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

லினக்ஸ் மின்ட் போட இருபது நிமிடமும் ஆகவில்லை. கார்ட், வைஃபை, சத்தம் எல்லாம் முதல் தடவையே வந்தன. தமிழ் எழுத்துகள் உடையாமல் தெரிந்தன. பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தம்பியின் எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டேன். இரண்டும் மாட்டியிருக்கும்போது போட்டால் விண்டோஸ் தன் பூட் கோப்பை மற்ற டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடக்கூடும். வலோரன்டுக்கு டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளும் பயாஸில் இயக்கத்தில் இருக்க வேண்டும், அதையும் பார்த்துக்கொண்டேன்.

கேம் இறக்குவதுதான் நீண்ட வேலை. எங்கள் இணைப்பில் நடுச்சாமத்துக்குப் பிறகுதான் டேட்டா தாராளம். ஜிடிஏ 5 மட்டும் நூறு ஜிபிக்கு மேல், அது மூன்று இரவு எடுத்தது. நேரத்தை மிச்சம் பிடிக்க தம்பியின் விண்டோஸ் டிஸ்க்கில் இருந்த கேமையே லினக்ஸில் இருந்து ஓட்டிப் பார்த்தேன். விண்டோஸின் கோப்பு அமைப்பில் புரோட்டான் சரியாக நிற்கவில்லை, பாதியில் விழுந்தது. லினக்ஸ் டிஸ்க்குக்கு நகலெடுத்ததும் ஓடியது. முதல் முறை திறக்கும்போது, கார்ட் படம் வரையப் பயன்படுத்தும் ஷேடர் என்ற சிறு நிரல்களைத் தயார்செய்ய ஸ்டீம் சில நிமிடம் எடுக்கும். அதை இடையில் நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் விளையாட்டுக்குள் படம் திக்கித் திக்கி நகரும்.

இன்னொன்று. லினக்ஸில் இருந்து விண்டோஸுக்குப் போன முதல் இரவு எட்டரைக்கு, தம்பியின் திரையில் பின்னேரம் மூன்று மணி. போர்டில் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். இலங்கைக்கு அந்த வித்தியாசம் சரியாக ஐந்தரை மணித்தியாலம். கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி லினக்ஸில் ஒரு கட்டளை கொடுத்தேன், சரியாகிவிட்டது.

இப்போது நாலு மாதம் ஆகிறது. கவுன்ட்டர் ஸ்ட்ரைக் விளையாடும்போது ப்ராசஸர் 70 டிகிரியை ஒட்டி நிற்கிறது, கார்ட் அதற்கும் கொஞ்சம் கீழே. வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுகிறேன். போன ஞாயிறு பின்பக்கத்தை டோர்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று திருகாணி பளிச்சென்று இருக்கின்றன. நாலாவதன் தலையில் கடுகளவு பழுப்புப் புள்ளி. கரண்டை நிறுத்தி, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு பஞ்சில் தொட்டுத் துடைத்துவிட்டு, போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் வடிகட்டி கழற்றும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.