ஒன்றரை கியூப் கல்லும் ஒரு டேப்பும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை 120 அடி நீளம், 8 அடி அகலம். ஒன்பது வீட்டுக்குப் பொதுவான தனிவழி, அதனால் வேறு யாரும் வந்து போட்டுத் தரப்போவதில்லை. ஒக்டோபர் மழையில் பிள்ளைகளின் வெள்ளைச் சப்பாத்துகள் மூன்றாவது தடவையும் சேற்றில் போனதும், காசு சேர்த்து நாங்களே கொங்கிரீட் போடுவதென்று முடிவானது. கல் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது.

நான்கு அங்குலத் தடிப்பென்றால் 320 கன அடி. இங்கே கல்லும் மணலும் கியூப் கணக்கில்தான் விற்பார்கள். ஒரு கியூப் 100 கன அடி. சீமெந்து, மணல், கல் 1:2:4 கலவைக்குக் கல் ஏறத்தாழ 2.8 கியூப், மணல் அதில் பாதி, சீமெந்து 57 மூட்டை. சேதாரத்தையும் சேர்த்து மூன்று கியூப் கல் எடுக்கச் சொன்னார் மேசன் பாஸ்.

கொழும்பில் தோண்டினால் கபுக் கல் என்ற செம்புரைக்கல்தான் வரும். கருங்கல்லுக்கு எப்போதும் வெளியேதான் போக வேண்டும். 1875இல் அடிக்கல் வைத்த துறைமுக அலைதடுப்புக்கே மஹரையில் கைதிகளை வைத்து உடைத்த கல்லை ரயிலில் கொண்டுவந்தார்கள். இப்போது கடுவெல, ஹங்வெல்ல, ஹோமாகம பக்கங்களிலிருந்து லொறியில் வருகிறது. கொடுக்கும் காசில் பாதி ஓட்டத்துக்கே போவதுபோல் எனக்குத் தோன்றியது.

நான்கு இடத்தில் விலை கேட்டு, குறைவாகச் சொன்னவரிடம் ஒன்றரை கியூப் லொறியில் இரண்டு லோட் சொன்னேன். அங்கேதான் பிழை விட்டேன். முதல் லோட் இரவு பதினொன்றரைக்கு வந்தது. லைட் இல்லாத ஒழுங்கை வாயில் கொட்டிவிட்டு, முழுக் காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் பாஸ் குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"தம்பி, இது ஒன்றரை இல்லை."

கொட்டிய பிறகு என்ன சொல்வது? அடுத்த லோடைப் பகலில் வரச் சொன்னேன். அதே லொறி. கொட்ட முன்னர் டேப்போடு டயரில் ஏறினேன். பெட்டி 9 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி உயரம். விளிம்புவரை நிரம்பினாலே 135தான். அதிலும் நடுவில் மட்டும் குவித்து, ஓரமெல்லாம் இறங்கிக் கிடந்தது. பலகையால் மட்டமாக இழுத்துப் பார்த்தோம். விளிம்பிலிருந்து அரை அடி காலி. 9, 6, 2 பெருக்கினால் 108.

"ரோட்டில் குலுங்கி அமுங்கிட்டுது" என்றார் டிரைவர். கொஞ்சம் அமுங்கும், உண்மைதான். அரை அடி அமுங்குமா மல்லி (தம்பி) என்று கேட்டேன். சிரித்தார். புவிச்சரிதவியல் பணியகத்தின் போக்குவரத்து அனுமதிச் சீட்டைக் காட்டுங்கள் என்றதும் சிரிப்பு நின்றது. கல் ஏற்றும் லொறியில் அந்தச் சீட்டு இருக்க வேண்டும். முதலாளிக்கு ஃபோன் போட்டார். 108க்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு போனார். முதல் லோடின் காசு போனது போனதுதான்.

மிச்சத்துக்கு வேறொருவரிடம் ஒரு கியூப் எடுத்தோம். அவர் வந்ததுமே, "ஏறி அளந்து பாருங்க" என்று டேப்பை அவரே நீட்டினார். அளவு சரியாக 100. ஆனால் கல்லில் தூசி அதிகம். பாஸ் ஒரு பிடி அள்ளித் தண்ணீர்ப் போத்தலில் போட்டுக் குலுக்கினார். பால் தேத்தண்ணி மாதிரி ஆகிவிட்டது. தூசி ஒட்டிய கல்லைச் சீமெந்து பிடிக்காது என்று, ஹோஸ் பிடித்துக் கழுவிய பிறகுதான் மிக்சரில் போட விட்டார். கழுவவே அரை நாள் போனது.

போயா (முழுநிலா) லீவில் கொங்கிரீட் போட்டு, ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தோம். பொதுக் கணக்கு எழுதும் அடுத்த வீட்டு அக்கா பில்களில் போட்டிருந்த அளவுகளைக் கூட்டினார். நான்கு கியூப் வந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதை வெட்டி 3.16 என்று எழுதினார்.