மலைப் பள்ளியும் சமவெளிப் பள்ளியும்

கேரளத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் புதிதாகச் சேரும் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பில், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிகளுக்கும் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பள்ளிகளுக்கும் சென்றுவந்திருக்கிறேன். பாடநூல் இரண்டிடத்திலும் ஒன்றுதான் என்றாலும், புதியவருக்குச் சொல்ல வேண்டிய முதல் யோசனை ஒன்றாக இருப்பதில்லை.

தோட்டப் பள்ளியில் பிள்ளைகள் குறைவு. ஒரே அறையில் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் சேர்ந்து அமர்ந்திருக்கும். பயிற்சிக் காலத்தில் ஒரு வகுப்பை மட்டும் மனத்தில் வைத்துப் பாடக்குறிப்பு எழுதிப் பழகியவர் இங்கே திணறுவது இயல்பு. ஒரு குழுவோடு உட்காரும்போது மற்றக் குழு தானாகச் செய்யக்கூடிய வேலை எது என்பதையே முதலில் எழுதச் சொல்வேன். அம்மா பறித்த கொழுந்தின் எடை, அதில் ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிப்பது, மிச்சத்துக்குக் கூலி என்று ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தால், நான்காம் வகுப்பு ஆசிரியரைத் தேடாமல் நெடுநேரம் தமக்குள் வாதாடிக்கொண்டிருக்கும். வீட்டுப்பாடத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்பதும் என் வழக்கமான வேண்டுகோள். விடிந்ததும் வேலைக்குப் போய் மாலையில் களைத்துத் திரும்புகிறவர்களிடம் அது நடக்காது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் சிக்கல் வேறு. ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளின் வேன்கள் வாசலைக் கடந்து போகின்றன. அதைப் பார்த்துப் பதறும் புதிய ஆசிரியர், தமிழ் எழுத்துக்கூட்டல் நிலைக்கும் முன்பே ஆங்கிலப் பாட்டுகளுக்குத் தாவுகிறார். பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையையே எழுந்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள், விளக்கவுரை தேவைப்படாது என்பேன்.

வகுப்பைப் பார்த்த பிறகு நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசுவேன், அதுவும் தலைமையாசிரியர் இல்லாத இடத்தில். பார்வைப் படிவத்தின் கட்டங்கள் அனைத்தையும் நிரப்புவது கோப்புக்கு நல்லது. ஆசிரியருக்கு அதனால் பெரிய பயனில்லை.

சனவரித் திட்டத்தையும் இரண்டு விதமாகவே போடச் சொல்கிறேன். பொங்கலுக்கு இடுக்கி, பாலக்காடு இரண்டு மாவட்டங்களிலும் உள்ளூர் விடுமுறை உண்டு. சமவெளியில் பிள்ளைகள் விடுமுறை முடிந்ததும் வகுப்புக்கு வந்துவிடுவார்கள். மலையிலோ குடும்பங்கள் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துச் சொந்த ஊர்களுக்குப் போய்ச் சில நாள் தங்கித்தான் திரும்பும். அந்த வாரம் அங்கே புதுப் பாடம் எதையும் தொடங்க வேண்டாம் என்று டிசம்பரிலேயே சொல்லிவிடுகிறேன்.