மேடில்லாத சீமையில் முதல் கார்

7 ஏப்ரல் 2024, கும்பகோணம்

டெல்டாவில் ஒரு வீட்டுக்கு முதலில் வந்த கார் என்றால் அம்பாசடர், இல்லையென்றால் ஃபியட் (பின்னாளில் அதுவே பிரீமியர் பத்மினி), அபூர்வமாக ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரை தேர்வு அவ்வளவுதான். அம்பாசடர் வங்காளத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை வந்தது. பத்மினி பம்பாய்க் குர்லா சரக்கு. ஹெரால்டு மட்டும் நம்மூர்ப் பிள்ளை, சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் 1961இல் தொடங்கிப் பத்து வருஷம் செய்தார்கள்.

எந்த வீட்டில் கேட்டாலும் அந்த வண்டியைப் பற்றி அதே கதைகள்தான். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி, டிக்கியில் தண்ணீர்க் கூஜா, விடிகாலையில் ஆள் சேர்த்துத் தள்ளியது, ஹேண்டில் திருப்பி அடித்துப் பெரியப்பா கை பிசகியது. ஒவ்வொன்றுக்கும் பானெட்டுக்குள் ஒரு காரணம் உண்டு. கொட்டகையில் நிற்கும் வண்டியைத் திரும்ப ஓட்டப் பார்க்கிறவர்களுக்காக அவற்றை இங்கே ஒவ்வொன்றாக எழுதி வருகிறது இந்தக் குறிப்பு.

21 ஏப்ரல் 2024

ஈரத்துணி. சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நிற்பது பத்மினிக்கு ஜாதக தோஷம், அம்பாசடரும் தப்பவில்லை. பெட்ரோல் பம்ப் எஞ்சினிலேயே உட்கார்ந்து கேம் தள்ளி ஓடுகிற டயாஃப்ரம் (சவ்வு) பம்ப். டாங்கிலிருந்து உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைவு, அதனால் பெட்ரோல் அங்கே சீக்கிரம் கொதிக்கும். டயாஃப்ரம் திரவத்தைத் தள்ளும், ஆவியைத் தள்ளாது, கார்புரேட்டர் காலியாகிவிடும். ஓடும்போது வருவதைவிட நிறுத்திய பிறகுதான் அதிகம் வரும். ஃபேன் நின்றதும் எஞ்சின் சூடு மேலேறிப் பம்பில் இறங்குகிறது. ரயில்வே கேட்டிலும் டீக்கடை வாசலிலும் வண்டி மக்கர் செய்வது இதனால்தான்.

துணி உண்மையாகவே வேலை செய்யும். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பானெட்டைத் திறந்து வைத்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுத்தால் போதும். நிரந்தர வழி வேறு: பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே சூட்டைத் தடுக்கும் பேக்கலைட் துண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல வண்டிகளில் யாரோ கழற்றிவிட்டு வெறும் பேக்கிங் போட்டிருப்பார்கள். பெட்ரோல் பைப் சைலன்சர் மேனிஃபோல்டை உரசிப் போனால் விலக்கிக் கட்டவும்.

ஆனால் சூட்டில் நின்ற வண்டியெல்லாம் பெட்ரோல் கோளாறு இல்லை. தீப்பொறி தரும் காயிலும் கண்டென்ஸரும் சூடேறினால் இதே மாதிரி சாகும். காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டுச் செல்ப் அடித்துப் பாருங்கள். பெட்ரோல் விட்டு விட்டுப் பீய்ச்சினால் பம்ப் நல்லது. கை வைக்க வேண்டிய இடம் தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டெல்கோ பக்கம். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சிந்தக்கூடாது என்பதால் பாட்டில் பிடிக்க இன்னொரு ஆள் அவசியம்.

12 மே 2024

தண்ணீர்க் கூஜா. ரேடியேட்டர் அடைத்திருந்ததால்தான் கூஜா தேவைப்பட்டது. வழியில் எந்த வாய்க்கால் கிடைத்ததோ அதில் மொண்டு ஊற்றினார்கள். வண்டல் கோரின் (ரேடியேட்டரின் குழாய்க்கட்டு) அடியில் படிந்தது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் அடிபம்புத் தண்ணீரே உப்பு, அது உள்ளே காரையாகக் கட்டும்.

எஞ்சின் சூடேறியதும் நிறுத்திவிட்டு, ஃபேன் ஓய்ந்த பிறகு கோரைக் கையால் தடவினால் தெரியும்: ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்கள் அடைப்பு. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் கழற்றி, கீழிருந்து மேலாகத் தண்ணீரை விட்டுக் கழுவ வேண்டும். மேலிருந்து விட்டால் அடைப்பு இன்னும் இறுகும். பிளாக்கில் தனியாக ஒரு வடிகுழாய் உண்டு. அதைத் திறக்காமல் ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பாதிச் சேறு உள்ளேயே. திறந்தும் ஒன்றும் வராவிட்டால் கம்பி விட்டுக் குத்துங்கள். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும். பெல்ட் நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் தாழ வேண்டும்.

2 ஜூன் 2024

ஹேண்டில். அம்பாசடரின் முன் பம்பர் வழியாக உள்ளே போய்க் கிராங்க் புல்லியில் மாட்டும் அந்த வளைந்த கம்பி, பல வீடுகளில் இப்போது கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எடுத்து எண்ணெய் போட்டு வையுங்கள். ஸ்டார்ட் பண்ண இல்லாவிட்டாலும் டேப்பட் (வால்வு இடைவெளி) வைக்க அதைவிட வசதி கிடையாது.

கை ஏன் பிசகியது? பாயிண்ட் (டெல்கோவுக்குள் தீப்பொறியைத் தூண்டும் தொடுமுனை) இடைவெளி கூடியோ டெல்கோ நகர்ந்தோ டைமிங் முன்னால் போயிருந்தால், பிஸ்டன் மேலே வருவதற்குள் தீப்பொறி விழும். எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். மேலிருந்து அமுக்கினால் உதை நேரே மணிக்கட்டுக்கு. கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது நல்லது.

டேப்பட். அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினுக்கு எட்டு வால்வு, இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. நாலு பிளக்கையும் கழற்றினால் ஹேண்டில் லேசாகச் சுற்றும். முன்பக்கத்திலிருந்து எண்ணினால் எந்த வால்வு முழுக்க அழுந்தி நிற்கிறதோ, அதன் எண்ணை 9இலிருந்து கழிக்கவும். வருகிற எண்ணுடைய வால்வுக்கு இப்போது இடைவெளி பார்க்கலாம். 8 அழுந்தியிருந்தால் 1, 6 என்றால் 3, 4 என்றால் 5. ஃபீலர் (இடைவெளி அளக்கும் தகடு) லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். நட்டை இறுக்கும்போது ஸ்குருவும் சேர்ந்து சுற்றும். இறுக்கிய பிறகு மறுபடி பார்க்காதவர்கள்தான் அதிகம். கொஞ்சம் டக்டக் சத்தம் கேட்டால் பாதகமில்லை. சத்தமே இல்லாத டேப்பட்தான் வால்வைச் சுடும்.

அதோடு பாயிண்ட் இடைவெளி 0.35இலிருந்து 0.40 மி.மீ., பிளக் 0.025 அங்குலம். ஃபயரிங் (பிளக் பற்றும் வரிசை) 1-3-4-2, பத்மினிக்கும் இதே வரிசை. எஸ்.யு. கார்புரேட்டராக இருந்தால் மேல் மூடியைத் திருகி எடுத்து உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கவும். அது வற்றினால் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு விக்கு விக்கும், ஆட்கள் வீணாக பிளக்கை மாற்றுவார்கள்.

23 ஜூன் 2024

இந்த வருஷம் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போர்வெல் தண்ணீரில்.

தள்ளு. பழைய வண்டியில் இருப்பது டைனமோ. ஐடிலிங்கில் அது சார்ஜ் செய்யாது. சிவப்பு விளக்கு மினுக்குவது பழுதில்லை, வேகம் கூடினால் அணையும். இரண்டு ஹெட்லைட்டும் பின்விளக்கும் சேர்ந்து எட்டு ஒன்பது ஆம்பியர் இழுக்கும். ராத்திரி மாட்டுவண்டிக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு வந்தால் பேட்டரி கரைந்துகொண்டே வரும், காலையில் செல்ப் இழுக்காது. வேறு ஊரில் சரிவில் நிறுத்துவார்கள். இங்கே கண்ணுக்கெட்டியவரை சமதரை. ஆற்றங்கரை ஏற்றமும் பாலத்து அணுகுசாலையும்தான் மேடு. விவரம் தெரிந்த டிரைவர்கள் வண்டியைக் கரையில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்ததற்கு அதுவே காரணம்.

டைனமோவைக் கழற்றிப் பூட்டினால், ஓட்டுவதற்கு முன் பேட்டரியின் எர்த் இல்லாத முனையிலிருந்து ஒரு ஒயர் எடுத்து டைனமோவின் எஃப் முனையில் நொடி நேரம் தொட்டு எடுக்க வேண்டும். ஒயரிங் கழற்றிய பிறகு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கட்-அவுட் (டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கும் ரிலே) கருகும். லூகாஸ் (பிரிட்டிஷ் மின்சாதனக் கம்பெனி) ஒயரிங் போட்ட பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த். புது பேட்டரி வாங்கி வழக்கம்போல் நெகட்டிவை எர்த் செய்கிறவர்கள் முதலில் பழைய கிளாம்ப் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்க்கட்டும்.

4 ஆகஸ்ட் 2024

ஜூலை 28இல் மேட்டூர் திறந்தாயிற்று.

பிரேக். வருஷக்கணக்கில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. நாலு சக்கரத்துக்கும் டிரம், ஒரே சர்க்யூட். ஒரு வாஷர் கிழிந்தால் மிதி தரையைத் தொடும், நாலும் போச்சு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம்ம ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. சிலிண்டருக்குள் குழி விழுந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். குழி விழுந்த சிலிண்டரை உப்புத்தாளில் தேய்த்துப் புது வாஷர் போட்டால் மாதக்கணக்கில்கூட நிற்காது, சிலிண்டரையே மாற்றுங்கள். ரப்பரைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவினால் ஊதிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும்.

ஷூவை முதலில் அட்ஜஸ்ட் செய்து, சக்கரம் பிடிக்கும்வரை இறுக்கி, உரசாமல் சுற்றும் அளவுக்குத் தளர்த்திய பிறகே ஏர் எடுக்க (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற) வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் இருக்கும் சக்கரம் முதலில்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. டப்பாவில் ஆயில் வற்றவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

15 செப்டம்பர் 2024

பெட்ரோல் பற்றிக் கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் 2000 பிப்ரவரியோடு போயிற்று. அம்பாசடரின் ஹெட் வார்ப்பிரும்பு, வால்வு சீட் அதிலேயே கடைந்தது; ஈயம் இல்லாமல் எக்ஸாஸ்ட் சீட் தேயும், டேப்பட் இடைவெளி தானாகக் குறையும். தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் நிதானமாகப் போய்வருகிற வண்டிக்கு இதனால் பெரிய ஆபத்தில்லை, டேப்பட்டை மட்டும் அடிக்கடி பார்த்தால் சரி. பத்மினிக்கு அலுமினிய ஹெட், சீட் தனி வளையம்.

இ20 வேறு விஷயம். 20 சதவீத எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் ஊதவைக்கும். இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றவும். எத்தனால் தண்ணீரை இழுத்து, அளவு மிஞ்சினால் பிரிந்து டாங்க் அடியில் தேங்கும், துரு அங்கே தொடங்கும். டாங்கை நிரப்பி வைத்துவிட்டு வண்டியை மறந்துவிடுவது பழைய யோசனை. இப்போது கொஞ்சமாக ஊற்றி மாதம் இருமுறை ஓட்டுவதே மேல். டாங்கில் ஓட்டை என்றால் வெல்டிங்குக்கு எடுத்துப்போகாதீர்கள். காலி டாங்கின் ஆவிதான் வெடிக்கும்.

11 அக்டோபர் 2024

ஆயுத பூஜை. சந்தனத்தை அன்றே துடைக்கவும், காய்ந்தால் பெயின்டில் தழும்பு. எலுமிச்சையை ஏற்றி நசுக்கிய பிறகு டயரைக் கழுவினால் போதும்.

20 அக்டோபர் 2024

மழைக்கு முன்னால். துரு வெளியிலிருந்து வருவதைவிட உள்ளிருந்து வருவதுதான் அதிகம். கதவின் அடியில் வடிதுளைகள் உண்டு. வைக்கோல் கூளமும் நெல் உமியும் அடைத்துக்கொண்டால் கண்ணாடி வழி இறங்கும் தண்ணீர் உள்ளே தேங்கும். ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, கதவுக்குக் கீழே இருக்கும் படிக்கட்டுப் பெட்டியும் பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் இடமும் அரித்தால் வண்டியே அரித்த மாதிரி. டிங்கரிங்கில் மேலே தகடு ஒட்டிப் பட்டி பார்த்து மூடுவார்கள். ஸ்குரு டிரைவரால் குத்திப் பார்த்து வாங்குங்கள்.

மண் தரையில் நிறுத்தக்கூடாது. கருங்கல் பலகையோ மரப்பலகையோ போட்டு அதன்மேல். தார்ப்பாய் போர்த்தினால் ஈரம் வெளியேற வழியில்லை, துணி உறை மேல். மாட்டுக் கொட்டகையோடு ஒட்டி நிறுத்தினால் கோமிய ஆவியில் பித்தளை வெடிக்கும், செம்புக் கம்பி அரிக்கும். ஹேண்ட் பிரேக் போட்டு மழைக்காலம் முழுக்க விட்டால் ஷூ டிரம்மோடு ஒட்டிவிடும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும். கிளச் பிளேட்டும் அப்படித்தான் ஒட்டும், மிதியை அழுத்தி ஒரு கோல் முட்டுக் கொடுத்து வையுங்கள்.

29 நவம்பர் 2024

நாகை, திருவாரூர், மயிலாடுதுறை எங்கும் சம்பா வயல் மூழ்கிக் கிடக்கிறது. தண்ணீரில் ஓடிவந்த டிரம் பிரேக் பிடிக்காது. மெதுவாக ஓட்டிக்கொண்டே மிதியை லேசாக அழுத்தி உலர்த்த வேண்டும். அச்சு மூழ்கியிருந்தால் டிஃப்ரன்ஷியல் (பின் அச்சுப் பல்சக்கரப் பெட்டி) ஆயிலைச் சோதிக்கவும். சூடான பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே உறிஞ்சும். மோர்க்குழம்பு நிறத்தில் வடிந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

பத்மினியில் முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தரையில் இருக்கக்கூடாது. பாரம் தாங்கும் பக்கத்தில் கிரீஸ் நுழையாது, தேய்வதோ அந்தப் பக்கம்தான். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இருபுறமும் திருப்பிக்கொண்டே அடிக்க வேண்டும்.

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள். முன் சக்கரத்தின் அடியில் இருக்கும் டிரன்னியனுக்குக் கிரீஸ் கூடாது, 90 கியர் ஆயில்தான். பித்தளை மரைக்குள் எஃகுத் தண்டு சுற்றுகிறது. கிரீஸ் இறுகினால் மரையின் அடிவரை போகாது, கீழே தண்ணீர் நின்று தண்டை அரிக்கும். ஒருநாள் திருப்பத்தில் தண்டு ஒடிந்து சக்கரம் மடிந்து படுத்துவிடும். மேலே ஆயில் பிதுங்கும்வரை அடிக்கவும்.

5 ஜனவரி 2025

மார்கழிப் பனியில் காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு டெல்கோ மூடியைக் கழற்றி உட்புறம் துடைத்து வெயிலில் காட்டினால் பெரும்பாலும் போதும்.

ஆர்.சி. 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்குக் கட்டணம் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு கேட்கலாம். ஆனால் அதில் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் ஓட்டலாம், தினசரிக்கு ஆகாது. சுவாமிமலைக்கும் திருநாகேஸ்வரத்துக்கும் குடும்பத்தோடு போக ஆசை என்றால் சாதாரண ஆர்.சி.யையே உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

9 பிப்ரவரி 2025

சம்பா அறுவடை. வயல் காலியானதும் எலி கொட்டகைக்கு வரும். கூடு கட்ட ஏர் கிளீனர், கடிக்க ஒயர். அந்துருண்டையை நம்ப வேண்டாம். பானெட்டைத் திறந்தே வைத்தால் இருட்டு இல்லாததால் கூடு குறையும். கடித்த ஒயரை டேப் சுற்றி விடாமல் அதே நிறத்தில், அதே கனத்தில் மாற்றவும். லூகாஸ் ஒயரிங் போட்ட அம்பாசடருக்கும் ஹெரால்டுக்கும் நிறம்தான் வரைபடம்: பழுப்பு பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனுக்குப் பிறகு ஃபியூஸ் வழியாக, ஊதா எப்போதும் உயிருள்ள ஃபியூஸ், நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் விளக்கு, கறுப்பு எர்த். பழுப்பில் ஃபியூஸ் கிடையாது. எலி முதலில் அதைக் கடித்திருந்தால் பேட்டரி முனையைக் கழற்றாமல் கை வைக்காதீர்கள்.